அத்திரம்பாக்கத்து மணலும் வடதுருவத்துப் பனியும்

கும்மிடிப்பூண்டி ரயிலில் காலை வேளையில் பிரயாணம் செய்கிறவர்களுக்கு, கொடுத்த டிக்கெட்டுக் காசுக்கு மேல் ஒரு லாபம் உண்டு. அதுதான் சம்பாஷணை. சென்ட்ரலில் வண்டி புறப்படும்போது ஒருவர் தேர்தலைப் பற்றித் தொடங்குவார். கொருக்குப்பேட்டையில் அது தங்க விலையாக மாறும். திருவொற்றியூரில் வைத்தியமாகும். மீஞ்சூர் வருவதற்குள் வேதாந்தமாக முடிந்துவிடும். இவ்வளவு விஷயங்களை இவ்வளவு குறைந்த கட்டணத்தில் போதிக்கிற கலாசாலை வேறு எதுவும் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.

சென்ற சித்திரை மாதத்தில் ஒரு நாள் நாமும் அந்த வண்டியில் சென்றோம். எண்ணூரைத் தாண்டி, கொசத்தலையாற்றுப் பாலத்தைக் கடந்து, அத்திப்பட்டுப் பக்கம் அனல் மின்சார நிலையங்களின் புகைபோக்கிகள் தெரிந்தபோது காலை எட்டு மணிதான் ஆகியிருந்தது. ஆயினும் வண்டிக்குள் இருந்தவர்கள் வெந்துகொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த இளைஞர் ஒருவர் புகைபோக்கியைச் சுட்டிக் காட்டி, "இதனால்தான் வடதுருவத்துப் பனியெல்லாம் உருகுகிறதாம்" என்றார்.

எதிரில் இருந்த நம் நண்பருக்கு இது பொறுக்கவில்லை. அவர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருட்டாலையில் கணக்கு எழுதுகிறவர், பழவேற்காட்டுக்காரர். புகைபோக்கியைக் குறை சொன்னால் தம்மைக் குறை சொன்னதாகவே எடுத்துக்கொள்ளும் சுபாவம் அவருக்கு உண்டு.

"அப்படியானால், தம்பி, மனிதனும் இல்லாமல் ஆலையும் இல்லாமல் இருந்த காலத்தில் அங்கே பனி உருகியது யாராலே? வடதுருவத்திலே காடு இருந்ததாம்; முதலை இருந்ததாம். அதற்கு எந்தச் சிப்காட் காரணம்? சூரியன் ஒரு காலம் காய்வான். ஒரு காலம் ஓய்வான். அது அவன் இஷ்டம். இங்கே நாலு பேர் பிழைக்கிற ஆலையை மூடிவிட்டால் அங்கே பனி கூடிவிடுமா?"

இளைஞர் வாயடைத்துப் போனார். நாம் பத்திரிகையில் எழுதுகிறவர் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் நம் முகத்தைப் பார்த்தார்கள். நல்ல வேளையாகக் கவரைப்பேட்டை வந்துவிட்டது. இறங்கிக்கொண்டோம்.

நண்பர் சொன்னதில் பிசகு ஏதும் இருக்கிறதா என்று அதன் பிறகு நாம் தேட ஆரம்பித்தோம். தேடியதில் முதலில் தெரிந்தது, அவர் சொன்ன விவரங்கள் அத்தனையும் உண்மை என்பதுதான்.

* * *

கனடா தேசத்துக்கு வடக்கே, துருவத்துக்கு அருகில், எல்ஸ்மியர் என்றொரு தீவு இருக்கிறது. இன்று அங்கே பனியும் பாறையும்தான். அந்தப் பாறைகளில் முதலை இனத்தின் எலும்புகளும் ஆமை ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. அவற்றின் வயது சுமார் ஐந்து கோடி வருஷம். அதற்கு அடுத்த ஆக்ஸல் ஹைபர்க் தீவில் ஒரு காட்டின் அடிமரங்கள் நட்டபடியே நிற்கின்றன. அவை கல்லாகக்கூட மாறவில்லை, அறுத்தால் மரம்தான்.

2004-ம் வருஷத்தில் பல தேசத்து விஞ்ஞானிகள் கப்பல்களில் சென்று, துருவத்துக்கு அருகில் ஆர்க்டிக் சமுத்திரத்தின் அடித்தரையைத் துளைத்து மண் எடுத்தார்கள். அந்த மண்ணில் சுமார் 4 கோடியே 90 லட்சம் வருஷத்துக்கு முந்தைய அடுக்கு ஒன்றில் என்ன இருந்தது என்று நினைக்கிறீர்கள்? அசோலா! நம் திருவள்ளூர் ஜில்லாக் குடியானவர்கள் நெல் வயலில் உரத்துக்காக விடுவார்களே, கறவை மாட்டுக்குத் தீவனமாகத் தொட்டியில் வளர்ப்பார்களே, அதே இனத்துப் பாசி போன்ற சிறு பெரணி. ஆர்க்டிக் சமுத்திரத்தின் மேல்மட்டத்து நீர் அக்காலத்தில் உப்புக் குறைந்து குளத்து நீர் போல் இருந்தது. அதன்மேல் இந்தச் செடி பச்சைக் கம்பளமாக விரிந்து கிடந்தது என்பது இதிலிருந்து தெரிகிறது. பூண்டிப் பக்கத்துத் தொட்டியில் மிதக்கிற பச்சை வடதுருவத்தில் மிதந்தது என்றால் கேட்கவே வேடிக்கையாக இல்லையா?

ஆனால் இந்த ஆதி காலத்துச் சூட்டை வைத்து நண்பர் தம் வழக்கை ஜயிக்க முடியாது. அந்தக் காலத்து ஆகாயத்தில் கரியமில வாயு இன்று இருப்பதைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருந்தது. அதாவது, குற்றம் சாட்டப்பட்ட அதே ஆசாமி அன்றும் சம்பவ ஸ்தலத்தில் இருந்திருக்கிறார்! அன்று எரிமலைகள் அவரைக் கொண்டுவந்தன. இன்று நாம் கொண்டுவருகிறோம். ஆகவே வழக்குக்கு உதவக்கூடிய சாட்சியம் வேண்டுமானால், நமக்கு இன்னும் கிட்டிய காலத்துக்கு வரவேண்டும். கரியமில வாயு அதிகமாகாமலே வடதுருவம் சூடேறிய காலம் ஏதாவது உண்டா?

உண்டு. அதை நம் தேசத்துக்கு எடுத்துச் சொன்ன முதல்வர்களில் ஒருவர் லோகமான்ய திலகர்.

1897-ல் ராஜத்துவேஷ வழக்கில் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தபோது, திலகருக்கு மாக்ஸ் முல்லர் தம் ரிக்வேதப் பதிப்பை அனுப்பி வைத்தார். சிறை விளக்கொளியில் அதைப் படித்த திலகர், உஷையைப் பற்றிய சூக்தங்களில் பல நாள் நீளும் விடியலைக் கண்டார். ஆரியரின் பூர்விகம் வடதுருவப் பிரதேசமே என்று முடிவு கட்டி 1903-ல் ஒரு நூல் வெளியிட்டார். இரு பனியுகங்களுக்கு இடையே அங்கே சீதோஷ்ணம் இதமாக இருந்தது என்பது அவர் வாதத்தின் அஸ்திவாரம். பூர்விகம் பற்றிய முடிவை இன்றைய ஆராய்ச்சியாளர் ஏற்பதில்லை. அவர் குறித்த காலமும் சரியாக அமையவில்லை. அவர் இதமான காலம் என்று எண்ணியது பெரும்பாலும் பனியுகமாகவே இருந்திருக்கிறது. ஆனால் பனியுகங்களுக்கு நடுவில் வடதுருவம் பலமுறை இளகியது என்ற அஸ்திவாரம் மட்டும் அசையவில்லை.

* * *

இதற்குக் காரணம் என்ன? வீட்டில் பஞ்சாங்கம் வைத்திருப்பவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். அயனாம்சம் என்று ஒரு கணக்கு அதில் போட்டிருக்கும். பூமியின் அச்சு பம்பரம் தள்ளாடுவதைப் போல் மெல்லச் சுழல்வதால் ஏற்படும் கணக்கு அது. இத்துடன் பூமியின் பாதையும் மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கிறது. இன்று பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது மார்கழி மாதத்தில். சுமார் 11,000 வருஷத்துக்கு முன் அது ஆனி ஆடி மாதங்களில் வந்தது. அதாவது வடபாகத்துக் கோடையும், சூரியனின் சமீபமும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. இப்படி ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 21,000 வருஷம் ஆகிறது. அச்சின் சாய்வு கூடிக் குறைவதற்கு 41,000 வருஷம். பாதை வட்டமாகவும் நீள்வட்டமாகவும் மாறுவதற்கு ஏறக்குறைய ஒரு லட்சம் வருஷம். இந்த மூன்று கணக்கையும் சேர்த்துப் பனியுகங்களுக்குக் காலக் கணக்கு எழுதியவர் மிலுடின் மிலான்கோவிச் என்ற ஸெர்பிய கணித மேதை. முதல் மகா யுத்தத்தில் கைதியாக இருந்த நாட்களிலும் அவர் இந்தக் கணக்கை விடவில்லை. சிறையிலிருந்து வந்த இரண்டாவது வடதுருவ ஆராய்ச்சி இது.

பஞ்சாங்கக் கணக்குக்கு ஏற்ப அங்கே சாட்சியங்களும் கிடைத்திருக்கின்றன. நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளில், பழைய கடற்கரை மேடுகளில், வெதுவெதுப்பான நீரில் வாழும் மட்டிகளின் ஓடுகள் புதைந்து கிடக்கின்றன. சுமார் 10,000 வருஷத்துக்கு முன் அந்தக் கடல் இன்றைக்காட்டிலும் உஷ்ணமாக இருந்ததற்கு அவை சாட்சி. பிறகு குளிர் கூடியது. சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன் மட்டிகள் மறைந்துவிட்டன. 2004-ல் உயிருள்ள மட்டிகள் மறுபடியும் அங்கே காணப்பட்டன. இந்தத் தீவுகளில்தான், 79-வது பாகையில், நியூ ஆலஸுண்ட் என்ற ஊரில் 2008 முதல் நம் இந்தியாவின் 'ஹிமாத்ரி' ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அருகிலுள்ள கடற்கழியில் நீருக்கடியில் தட்ப வெப்பத்தை அளக்க 2014-ல் ஒரு கருவித் தொகுதி இறக்கப்பட்டது. அதைத் தயாரித்தவர்கள் நம் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய சமுத்திரத் தொழில்நுட்பக் கழகத்தார். வடதுருவத்துக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

* * *

மட்டி ஓடுகளைவிட விசித்திரமான சாட்சி ஒன்று கிரீன்லாந்தில் கிடைத்தது. அதன் கதை துப்பறியும் நாவலுக்குக் குறைந்ததல்ல.

1959-ல் அமெரிக்க ராணுவத்தார் கிரீன்லாந்தின் வடமேற்கில் பனிக்கட்டியைக் குடைந்து, அதற்குள் ஒரு சிறு பட்டணத்தையே நிர்மாணித்தார்கள். பெயர் காம்ப் ஸெஞ்சுரி. சுமார் 200 பேர் வசிக்கலாம். மின்சாரத்துக்கு அணுசக்தி உலை இருந்தது. விஞ்ஞான ஆராய்ச்சிக்காக என்று வெளியே சொன்னார்கள். பனிக்கு அடியில் ஏவுகணைகளை ஒளித்து வைக்கலாமா என்பது உள்ளே இருந்த யோசனை. பனி சும்மா இருக்கவில்லை. அது நகர்ந்து நகர்ந்து சுரங்கச் சுவர்களை நெருக்கியது. 1967-ல் முகாமைக் கைவிட்டுவிட்டார்கள்.

ஆயினும் பெயருக்குச் சொன்ன விஞ்ஞானம் நிஜமாகவே நடந்தது. 1966-ல் பனியைத் துளைத்துக்கொண்டே போய், சுமார் 4,500 அடிக்குக் கீழே தரையைத் தொட்டார்கள். தரையிலும் 12 அடி துளைத்து உறைந்த மண்ணை எடுத்தார்கள். பனிக்கட்டியைப் பரிசோதித்து டென்மார்க்கு தேசத்து டான்ஸ்கார்ட் என்பவர் ஒரு லட்சம் வருஷத்துச் சீதோஷ்ண சரித்திரத்தையே எழுதிப் புகழ் பெற்றார். மண்ணை ஒருவரும் சீந்தவில்லை. அது கண்ணாடி ஜாடிகளில் அடைபட்டு, அமெரிக்காவில் ஒரு குளிர்பெட்டியிலிருந்து டென்மார்க்கில் இன்னொரு குளிர்பெட்டிக்குப் போய், அங்கே மறக்கப்பட்டது. 2017-ல் குளிர்பெட்டிகளை இடம் மாற்றும்போதுதான் அகப்பட்டது. நம் வீடுகளில் பரண் ஒழிக்கும்போது தாத்தாவின் பத்திரம் அகப்படுவதில்லையா, அப்படித்தான்.

2019-ல் வெர்மாண்ட் சர்வகலாசாலையில் அந்த மண்ணைக் கழுவிப் பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். அதில் சுள்ளியும் இலையும் பாசியும் இருந்தன. முக்கால் மைல் கனப் பனிக்கு அடியில் செடி முளைக்காது. ஆகவே ஒரு காலத்தில் அவ்விடத்தில் பனியே இல்லை, வெயில் பட்டது, செடி வளர்ந்தது. எப்போது?

இந்த 'எப்போது'வுக்குப் பதில் சொல்ல ஓர் அற்புதமான முறை இருக்கிறது. மண்ணில் கலந்த மணிகள் பூமியில் இயற்கையாக உள்ள கதிரியக்கத்தை நாளும் கொஞ்சமாக உள்ளே சேர்த்து வைத்துக்கொள்கின்றன, உண்டியலில் காசு சேர்வது போல. வெயில் பட்டால் உண்டியல் காலியாகிவிடும். மண்ணுக்குள் புதைந்து இருட்டில் கிடக்கும்வரை நிரம்பிக்கொண்டே இருக்கும். ஆராய்ச்சிசாலையில், போட்டோ பிடிப்பவரின் இருட்டறை போன்ற ஓர் அறையில், அந்த மணிகளின்மேல் குறிப்பிட்ட ஒளியைப் பாய்ச்சினால், சேர்த்து வைத்ததை மங்கிய சுடராக வெளியே கக்கும். சுடரை அளந்தால், அந்த மணி கடைசியாகச் சூரியனைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று தெரிந்துவிடும்.

காம்ப் ஸெஞ்சுரியின் மண் சொன்ன பதில், 4 லட்சத்து 16 ஆயிரம் வருஷம். கணக்கில் 38 ஆயிரம் முன்பின் இருக்கலாம். 2023 ஜூலையில் இது பிரசுரமாயிற்று.

* * *

இந்த மணல் உண்டியலை உடைத்துப் பார்த்த கதைக்குக் கிரீன்லாந்து வரை போகவேண்டியதில்லை. திருவள்ளூர் வண்டி ஏறினால் போதும் என்று பிறகு தெரிந்துகொண்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படியே செய்தோம். அன்று அமாவாசை. வீரராகவப் பெருமாள் கோவில் குளத்தில் வெல்லம் கரைப்பவர்களின் கூட்டத்தில் நீந்திக் கரையேறிப் பூண்டி பஸ்ஸைப் பிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது.

பூண்டியில் கொசத்தலையாற்றின் குறுக்கே உள்ள நீர்த்தேக்கம் தீரர் சத்தியமூர்த்தியின் முயற்சி. சென்னையின் மேயராக இருந்தபோது தாகத்தால் தவித்த பட்டணத்துக்காக அவர் போராடி வாங்கிய ஏரி அது. 1944-ல் அது திறக்கப்பட்டபோது பார்க்க அவர் இல்லை. இன்று அதற்கு அவர் பெயர். அருகில் தொல்லியல் துறையாரின் அகழ்வைப்பகம் இருக்கிறது. அங்கிருந்து சில மைல் தூரத்தில், ஆற்றங்கரையில் அத்திரம்பாக்கம்.

பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. செம்மண், முட்செடி, மழை அரித்த ஓடைகள், சிதறிய கற்கள், அவ்வளவுதான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் நம்மைப் பார்த்து, "கல்லு பாக்க வந்தீங்களா ஐயா?" என்று கேட்டார். நாம் ஆமென்று சொல்லிக் காலடியில் கிடந்த ஒன்றைக் கையில் எடுத்தோம். வாதாங்கொட்டையின் வடிவம், இரு பக்கமும் செதுக்கிய விளிம்பு, உள்ளங்கையில் வந்து அப்படியே அமர்ந்தது. "பாத்துட்டு எடுத்த எடத்திலேயே வெச்சுடணும், ஐயா. வெள்ளக்காரன் காலத்திலேருந்து வந்து பாக்கறாங்க. இங்கேருந்து ஒண்ணும் எடுத்துட்டுப் போகக் கூடாது" என்றார். வைத்துவிட்டோம்.

அவர் சொன்ன வெள்ளைக்காரர் ராபர்ட் புரூஸ் பூட். நிலவியல் இலாகா உத்தியோகஸ்தர். 1863-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்து, இந்தியாவிலும் கற்கால மனிதர் இருந்தார்கள் என்று உலகத்துக்குக் காட்டினார். அதே வருஷம் செப்டம்பரில் வில்லியம் கிங் என்ற சக உத்தியோகஸ்தருடன் அத்திரம்பாக்கத்துக்கு வந்தார். அதற்கு நூற்று முப்பத்தாறு வருஷம் கழித்து, 1999-ல், சென்னையில் உள்ள சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தைச் சேர்ந்த சாந்தி பப்புவும், அவருடன் குமார் அகிலேஷும் அங்கே நிதானமான அகழ்வாராய்ச்சியைத் தொடங்கினார்கள். அடியில் கிடந்த களிமண் அடுக்கிலிருந்த கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் வருஷத்தவை என்று 2011-ல் தெரிந்தது. மேல் அடுக்குகளில் பெரிய கோடரிகள் குறைந்து, சிறிய, நுட்பமாகத் திட்டமிட்டுப் பெயர்த்த சில்லுகள் வருகின்றன. மனிதனின் வேலைத்திறனில் அது ஒரு பெரிய திருப்பம். அந்தத் திருப்பம் எப்போது நேர்ந்தது என்று அறிய, மண்ணை வெயில் படாமல் எடுத்து ஆமதாபாத் பௌதிக ஆராய்ச்சிசாலைக்கு அனுப்பினார்கள். மணல் உண்டியலை உடைத்து எண்ணுவதில் அசோக் சிங்வியும் அவர் குழுவினரும் உலகப் பிரசித்தி பெற்றவர்கள்.

2018 பிப்ரவரியில் வெளியான பதில்: 3 லட்சத்து 85 ஆயிரம் வருஷம். முன்பின் 64 ஆயிரம்.

இந்தக் கருவிநுட்பம் வெகு பிற்காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மனிதர்களால் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது என்றுதான் அதுவரை பலர் எழுதியிருந்தார்கள். நம்மிடம் உள்ள எதுவும் வெளியிலிருந்து வந்ததாகவே இருக்கும் என்று கேட்டுப் பழகிய நமக்கு, பூண்டிக்குப் பக்கத்தில் உள்ள செம்மண் அந்தத் தேதியைப் பின்னுக்குத் தள்ளியதில் ஒரு சந்தோஷம் ஏற்படத்தான் செய்கிறது. ஆனால் அதை மிகைப்படுத்தக் கூடாது. அங்கே மனித எலும்பு கிடைக்கவில்லை. ஆகவே அக்கருவிகளைச் செய்தவர்கள் எவ்வகை மனிதர் என்று சொல்வதற்கில்லை.

இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 4 லட்சத்து 16 ஆயிரம். 3 லட்சத்து 85 ஆயிரம். முன்பின் கணக்கைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. கிரீன்லாந்தின் வடமேற்கில் பனி விலகிச் சுள்ளி முளைத்த அந்த நெடுங்காலத்திலோ அதை ஒட்டியோ, கொசத்தலைக் கரையில் யாரோ குந்தி உட்கார்ந்து புதுமாதிரியாகக் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. சொல்ல ஆதாரமும் இல்லை. இருந்தாலும், கிழவரின் ஆடுகள் மேயும் அந்த மேட்டில் நின்றபோது, வடதுருவம் வெகு தூரத்தில் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

* * *

இனி நண்பரின் வழக்குக்கு வருவோம். நாலு லட்சம் வருஷத்துக்கு முந்தைய அந்தச் சூட்டில் ஆலைப் புகை இல்லை. ஆகாயத்தில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 280 பங்கு அளவில்தான் இருந்தது. அது இயற்கை அளவு. அப்படியானால் நண்பர் ஜயித்துவிட்டாரா?

அந்தச் சூடு கடுமையானதல்ல. இன்றைய அளவோ, அதைவிடச் சற்றே கூடவோதான் இருந்திருக்கும். ஆனால் அது சுமார் 30,000 வருஷம் விடாமல் நீடித்தது. அடுப்பில் தழல் குறைவு. ஆனால் பானையை இறக்குவாரில்லை. கிரீன்லாந்துப் பனியில் ஒரு பெரும்பகுதி உருகி, அது மட்டுமே உலகத்துக் கடலை ஐந்தடிக்குக் குறையாமல் உயர்த்தியது. எல்லாப் பனியும் சேர்ந்து அந்தக் காலத்தில் கடல்மட்டம் இன்றைக்காட்டிலும் 20 அடி முதல் 40 அடி வரை உயரமாக இருந்தது என்று மதிப்பிடுகிறார்கள். இன்றைய நிலத்தின்மேல் அந்தக் கடலை வைத்துப் பார்த்தால் பழவேற்காடு இல்லை, எண்ணூர் இல்லை, அத்திப்பட்டுப் புகைபோக்கிகளின் அடிப்பாகம் தண்ணீரில் நிற்கும். இயற்கை தன் போக்கிலே, இளஞ்சூட்டிலேயே, இவ்வளவு செய்ய முடியும் என்றால், அது ஆறுதல் தரும் செய்தியா? நோயாளியின் குடும்பத்தில் இந்த வியாதி பரம்பரையாக உண்டு என்று டாக்டர் சொன்னால், "அப்படியானால் பயமில்லை" என்று யாராவது எழுந்து போவார்களா?

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியமானது. சூரியன் காய்வதும் ஓய்வதும் அவன் இஷ்டம் என்றார் நண்பர். இஷ்டம் அல்ல, கணக்கு. அந்தக் கணக்கு நமக்குத் தெரியும். பூமி இப்போது சூரியனை நெருங்குவது மார்கழியில். வடதுருவத்துக் கோடை வெயில் பல ஆயிரம் வருஷங்களாக மெல்ல மெல்லக் குறைந்து வந்திருக்கிறது. அதற்கேற்ப வடதுருவம் சுமார் இரண்டாயிரம் வருஷமாகக் குளிர்ந்துகொண்டுதான் வந்தது. மட்டிகள் மறைந்ததும் அதில்தான். பஞ்சாங்கப்படி இன்றும் அது குளிர்ந்துகொண்டே இருக்கவேண்டும். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் அந்தப் போக்கு திடீரென்று திரும்பிவிட்டது. 1979-லிருந்து பார்த்தால் வடதுருவம் உலகத்துச் சராசரியைவிடக் கிட்டத்தட்ட நாலு மடங்கு வேகத்தில் சூடேறியிருக்கிறது. 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. பனிப்படலத்தின் குமிழிகளில் அடைபட்ட பழங்காலத்துக் காற்றை எட்டு லட்சம் வருஷம் வரை அளந்திருக்கிறார்கள். அதில் எங்கும் 300-க்கு மேல் ஏறிய அடையாளம் இல்லை.

இத்தனைக்கும் காரணம் கும்மிடிப்பூண்டி அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நூற்றைம்பது வருஷமாக மேல்நாட்டார் எரித்த கரியின் பங்கு பெரிது. தலைக்குக் கணக்கிட்டால் நம்முடைய பங்கு இன்றும் சிறிது. அதைக் கேட்டு வாங்க வேண்டிய இடத்தில் கேட்பது நியாயம். ஆனால் கடல் ஜாதகம் பார்த்து ஏறுவதில்லை.

* * *

அடுத்த முறை ரயிலில் நண்பரைச் சந்தித்தபோது இவ்வளவையும் சொன்னோம். மனிதர் பொறுமையாகக் கேட்டார். கணக்கர் அல்லவா? அயனாம்சக் கணக்கு அவருக்குப் பிடித்திருந்தது. பேசி முடிப்பதற்குள் வண்டி கொசத்தலைப் பாலத்தின்மேல் போய்க்கொண்டிருந்தது. பூண்டி வழியாக அத்திரம்பாக்கத்தைத் தொட்டு வருகிற அதே ஆறுதான் இங்கே எண்ணூர்க் கழியில் கலக்கிறது என்றோம். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார்.

"கிரீன்லாந்துப் பனி அத்தனையும் போய்விட்டால் எத்தனை அடி, சார்?"

"இருபத்துநாலு அடி. ஆனால் அதற்குப் பல நூறு வருஷம், ஒருவேளை ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும்."

"அதை விடுங்கள். என் பேரனுக்கு இப்போது நாலு வயது. அவன் கிழவனாகும்போது?"

1900-லிருந்து இதுவரை கடல் சுமார் எட்டு அங்குலம் ஏறியிருக்கிறது என்றும், முப்பது வருஷத்துக்கு முன் வருஷத்துக்கு இரண்டு மில்லிமீட்டராக இருந்த வேகம் இப்போது நாலுக்கு மேல் போய்விட்டது என்றும், 2100-க்குள் மொத்தம் ஓரடி முதல் மூன்றடி வரை ஏறக்கூடும் என்று கணக்கிடுகிறார்கள் என்றும், அது ஓரடியா மூன்றடியா என்பது இனிமேல் எரிக்கப்போகிற கரியைப் பொறுத்தது என்றும் சொன்னோம்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பழவேற்காட்டில் அவர் தகப்பனார் கட்டிய வீடு ஒன்று இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில். ஐப்பசி கார்த்திகைப் புயலில் தெரு வரைக்கும் தண்ணீர் வந்ததை அவரே நம்மிடம் முன்பு சொல்லியிருக்கிறார்.

"வாசலுக்கு மூன்று படி" என்றார். "ஒரு படி ஒரு சாண் இருக்கும்."

பொன்னேரி வரைக்கும் விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார்.